வழியெல்லாம் தண்ணி

என் அக்காவும் மச்சானும் வைத்திருந்த வேனுக்குள் ஒரு வீடே இருந்தது. பின்பக்கம் குறுக்காக ஒரு பலகைக் கட்டில், அதன்மேல் ஸ்பாஞ்சு மெத்தை. பக்கத்தில் கை கழுவும் தொட்டி, அதற்கென்று ஒரு பிளாஸ்டிக் தண்ணீர்த் தொட்டி, கேஸ் அடுப்பு, துணி வைக்க அலமாரி. இங்கிலாந்திலிருந்து தரைவழியாகவே அதை ஓட்டி வந்த ஒரு வெள்ளைக்கார ஜோடி, மேற்கொண்டு போக மனமில்லாமல் ஈப்போவில் விற்றுவிட்டு விமானம் ஏறிவிட்டார்களாம். வாங்கியவர் என் மச்சான், அதாவது அக்காவின் கணவர். அவரும் அக்காவும் கோயில் திருவிழாக்களில் வளையலும் பொட்டும் விற்கிறவர்கள். வண்டியிலேயே சமைத்து வண்டியிலேயே படுத்துவிடலாம் என்பது அவர் கணக்கு. ஆனால் மச்சானுக்கு ஓட்டத் தெரியாது. லீவு நாளில் நான்தான் ஓட்ட வேண்டும். தோட்டத்தில் ரப்பர்ப் பால் ஏற்றும் லோரியில் பழகிய கை.

எனக்கு அப்போது நாற்பது நெருங்கிக்கொண்டிருந்தது. தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் வகுப்போடு சரி. தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற பிறகு ஈப்போவுக்கு வந்து, ஜெலாப்பாங்கில் ஒரு தொழிற்சாலையில் மூட்டை ஏற்றி இறக்கும் வேலையில் இருந்தேன். கல்யாணம் ஆகவில்லை. புது ஆள் முன்னால் எனக்கு வாய் திறக்காது. அதற்கு முன் போன பெண் வீடுகளில் என்னைக் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் மச்சானே பதில் சொன்னார். ஒரு வீட்டில், "மாப்பிள்ளைக்குப் பேச்சு வரும்ல?" என்று கேட்டே விட்டார்கள்.

இந்த முறை பெண் பாகான் செராயில். பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறவர். தம்பி தங்கைகளைக் கரையேற்றியதில் வயது முப்பதைத் தாண்டிவிட்டது. தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எடுத்த படம் ஒன்றை அக்கா காட்டினாள். படத்தில் அவர் சிரிக்கவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது. "இதுவும் தட்டிப்போச்சுன்னா இனிமே நான் தேட மாட்டேன் தம்பி" என்று அக்கா சொல்லிவிட்டாள். நானும் தேட வேண்டாம் என்றுதான் வெளியே சொல்லிக்கொண்டிருந்தேன். உள்ளே அப்படியில்லை.

ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் ராகு காலம் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட வேண்டும். பிடித்துப்போனால் அன்றே பூ வைத்துவிடலாம் என்று, பச்சைப் பட்டுச் சேலை, தேங்காய், வெற்றிலை பாக்கு, குங்குமம், மஞ்சள் தூள் எல்லாவற்றையும் ஒரு மூட்டையாகக் கட்டிக் கட்டிலுக்கு அடியில் வளையல் பெட்டிகளோடு வைத்தாள் அக்கா.

சுங்கை சிப்புட் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் மேலே போகத் தொடங்கியது. ஒரு ரப்பர் காட்டு நிழலில் நிறுத்தினேன்.

"என்னாடா நிப்பாட்டிட்ட?" என்றார் மச்சான்.

"சூடு ஏறுது மச்சான்."

"வெயில்லா. எனக்குந்தான் ஏறுது."

துணியைப் போட்டு மெல்ல மூடியைத் திருகினேன். ரேடியேட்டரில் தண்ணீர் கீழே இறங்கியிருந்தது. காலையில்தான் வழிய வழிய ஊற்றியிருந்தேன். வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. குழாய்களைத் தடவிப் பார்த்தேன். காய்ந்து கிடந்தன. இருந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டு கிளம்பினோம். கோலகங்சாருக்குள் நுழைவதற்குள் முள் மறுபடியும் அங்கேயே வந்து நின்றது.

ஒழுகுவது கண்ணுக்குத் தெரிந்தால் எதையாவது வைத்து அடைக்கலாம். ஒழுகாமலே காணாமல் போகிற தண்ணீரை என்ன செய்வது? எண்ணெய்க் கம்பியை உருவிப் பார்த்தேன். எண்ணெயில் தண்ணீர் கலந்திருந்தால் பால் மாதிரி வெளுத்திருக்கும். கறுப்பாகத்தான் இருந்தது. புகையும் வெள்ளையாக இல்லை. அப்படியென்றால் என்ஜினுக்குள்ளும் போகவில்லை. எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

மச்சானுக்கு என்னைவிடக் குறைவாகத் தெரியும். ஆனால் நிறையச் சொல்லுவார். முதலில் மூடி சரியில்லை என்றார். பிறகு தெர்மோஸ்டாட் என்றார். அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டலாம் என்றார். பின்னால் கட்டிலில் உட்கார்ந்திருந்த அக்காவோ, நின்ற இடத்திலெல்லாம் சகுனம் பார்த்தாள்.

"நல்ல காரியத்துக்குப் போறப்ப இப்படித் தடங்கல் வருதே. திரும்பிடலாமா?"

"அதெல்லாம் ஒன்னுமில்ல, சும்மா இருலா" என்றார் மச்சான்.

"இங்க பாருங்க, தரையெல்லாம் வேற ஈரம். இந்தப் பிளாஸ்டிக் தொட்டிய மாத்துங்கன்னு எத்தன மாசமாச் சொல்றேன்?"

அந்தச் சண்டை பழசு. வண்டிக்குள் எப்போது ஈரம் கண்டாலும் கை கழுவும் தொட்டியின் தண்ணீர்தான் சிந்துகிறது என்று அக்கா மச்சானைத் திட்டுவாள். நானும் காதில் வாங்காமல் ஓட்டினேன்.

பாடாங் ரெங்காஸ் மேடு ஏறும்போது வண்டி கொதித்தேவிட்டது. ஆவி சீறிக்கொண்டு வந்தது. மூடியைத் திறக்கப் போய் என் மணிக்கட்டு வெந்தது. கையை உதறிக்கொண்டு நான் ரோட்டோரம் நிற்க, மச்சான் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு மஞ்சள் தூள் டப்பாவோடு வெளியே வந்தார்.

"என்னங்க செய்றீங்க? அது பூ வைக்க எடுத்து வச்ச மஞ்சள்!"

"ஓட்ட எங்க இருந்தாலும் போய் அடச்சிக்கும். லோரிக்காரனுங்க எல்லாம் இதத்தான் போடுறானுங்க. கேளு உன் தம்பிய."

போடுவார்கள்தான். தோட்டத்திலேயே பார்த்திருக்கிறேன். ஆனால் ஒரு சிட்டிகையோ இரண்டோ. மச்சான் டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினார். மேட்டின் மேலிருந்த தண்ணீர்க் குழாயிலிருந்து பிடித்து ஊற்றினோம். ரேடியேட்டருக்குள் எட்டிப் பார்த்தால் தங்கச் சுரங்கம் மாதிரி இருந்தது. காலி டப்பாவை ரப்பர் மரங்களுக்குள் வீசினார். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தைப்பிங்கில் எல்லா வொர்க்ஷாப்பும் மூடியிருந்தது. ஒரு கடையில் பாதிக் கதவு திறந்திருந்தது. உள்ளே கடை முதலாளியான சீனத் தவுக்கே மீ நூடுல்ஸ் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டே வந்து ரேடியேட்டரைப் பார்த்தவர், "காரி கா?" என்று சிரித்தார். கறியா ஊற்றி வைத்திருக்கிறீர்கள் என்று கேட்கிறார். மச்சானும் சேர்ந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தவுக்கே என்ஜினை ஓடவிட்டார், குழாய்களை அமுக்கினார், அடியில் டார்ச் அடித்தார்.

"ரேடியேட்டர் பாகுஸ். பாய்ப் பாகுஸ். ஆயர் பிகி மானா?"

எல்லாம் நன்றாக இருக்கிறது, தண்ணீர் எங்கே போகிறது என்று அவர் என்னைக் கேட்டார். அதைக் கேட்கத்தான் நான் அவரிடம் போயிருந்தேன். கீழ்க் குழாயின் கிளிப்பு துருப்பிடித்திருக்கிறது என்று புதுசு ஒன்றைப் போட்டுவிட்டார். சந்தேகத்துக்கு இன்னொரு கிளிப்பையும் கையில் கொடுத்தார். நாங்கள் கிளம்பியபோது வெயில் சாயத் தொடங்கியிருந்தது.

கமுண்டிங் தாண்டி மறுபடியும் முள். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது. சாலையோரம் ஒரு கள்ளுக்கடை. அந்தப் பக்கத்தில் குழாய் இருந்த ஒரே இடம் அதுதான். நான் உள்ளே போய்க் கேட்டு, பின்பக்கக் குழாயில் பெரிய பிஸ்கட் தகரத்தில் தண்ணீர் பிடித்து, இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வெளியே வந்தேன். சட்டை நனைந்து, முகம் சிவந்து, கால் தடுமாறித்தான் வந்திருப்பேன். தகரம் அவ்வளவு கனம். அப்போது மோட்டார் சைக்கிளில் வந்த ஒரு நடுத்தர வயதுக்காரர் வேகத்தைக் குறைத்து எங்களைப் பார்த்தார். நெற்றியில் திருநீறு.

வண்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மச்சான் தெரிந்தவரைப் போலக் கையைத் தூக்கி, "ஒன்னுமில்லண்ணே, தண்ணிக்கு நிப்பாட்டுனோம்!" என்று கத்தினார்.

அவர் மோட்டாரை முறுக்கிக்கொண்டு போய்விட்டார்.

பாகான் செராய் நெருங்கும்போது இரண்டு பக்கமும் வயல். கடைசியாக ஒரு தடவை, வயலுக்குத் தண்ணீர் போகிற வாய்க்காலோரம் நிறுத்தினேன். அங்கே அதை மலாயில் 'தாலி ஆயர்' என்பார்கள்; ஆயர் என்றால் தண்ணீர். மச்சான் விடுவாரா?

"பாத்தியாடா, ஊரு உலகத்துல பொண்ணுக்குத்தான் தாலி. உனக்கு மட்டும் தாலியே தண்ணியாக் கெடக்கு. மொண்டு ஊத்து."

மொண்டு ஊற்றினேன். சேற்றுத் தண்ணீர்தான். அதைக் குடித்துவிட்டு வண்டி ஊருக்குள் போனது.

வீட்டில் நல்லபடியாகத்தான் வரவேற்றார்கள். பெண்ணின் அப்பா நிதானமானவர். அம்மா அக்காவைக் கையைப் பிடித்து அழைத்துப்போனார். ராகு காலத்துக்கு இன்னும் கொஞ்சம் நேரம் இருந்தது. பெண் காப்பி கொண்டுவந்து வைத்தார். படத்தில் இருந்த மாதிரியே சிரிக்காமல் இருந்தார். ஆனால் போகும்போது ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். அக்காவுக்கு அது போதும். எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டு, மூட்டையை எடுத்துவர வண்டிக்குப் போனாள்.

அவள் வெளியே போன நேரத்தில்தான் பெண்ணின் தாய்மாமன் உள்ளே வந்தார். நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் வாசலிலேயே நின்று, பிறகு பெண்ணின் அப்பா காதில் ஏதோ சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

அப்பா தொண்டையைச் செருமினார். "வழியில ரொம்ப எடத்துல நின்னு வந்தீங்களோ?"

"ஆமாங்க" என்றார் மச்சான். "எல்லாம் தண்ணியாலதான். ஊத்த ஊத்தப் பத்தல."

"காலையில இருந்தேவா?"

"சுங்கை சிப்புட்டுல ஆரம்பிச்சது. நாலு மைலுக்கு ஒரு தரம் ஊத்தியே ஆகணும்."

கதவுக்குப் பின்னால் கண்ணாடி வளையல் சத்தம் கேட்டது. அம்மா அங்கிருந்தே கேட்டார்: "எப்பவுமே இப்படியா?"

"இல்லைங்கக்கா. கிட்டத்துல போனா ஒன்னும் தெரியாது. தூரம் போனாத்தான். ஆனா ஊத்திட்டாப் போதும், ஜம்முனு ஓடும்."

"கள்ளுக்கடை வாசல்ல பாத்தேன்" என்றார் தாய்மாமன்.

"அட, மோட்டார்ல போனது நீங்கதானா!" மச்சானுக்கு ஒரே சந்தோஷம். "அங்கதாங்க நல்லாக் கெடச்சுச்சு."

என்ன நடக்கிறது என்று எனக்கு முழுசாகப் புரிந்துவிட்டது. வண்டிக்குத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாயைத் திறந்தேன். காப்பியைக் குடித்தேன். மறுபடியும் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். வெந்த மணிக்கட்டு காந்த, கை நடுங்கிக் காப்பி தட்டில் சிந்தியது. தாய்மாமன் அந்த நடுக்கத்தைப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டிக்கொண்டார்.

"சரிங்க" என்று அப்பா எழுந்தார். "நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்புறோம்."

அதற்கு என்ன அர்த்தம் என்று மச்சானுக்கே தெரியும். அவர் முகம் விழுந்துவிட்டது. ஏன் என்று மட்டும் அவருக்குப் புரியவில்லை.

வெளியே அக்கா வண்டியின் பின்கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கையில் சேலை. பச்சைப் பட்டில் பெரிது பெரிதாக மஞ்சள் கறை. நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"போச்சு தம்பி. அந்தப் பாழாப்போன தொட்டித் தண்ணி ஊறி மஞ்சள் பூராவும் சேலையில ஏறிடுச்சு. இத எப்படிக் குடுக்குறது?"

சேலையை வாங்கினேன். சூடாக இருந்தது. கை கழுவும் தொட்டித் தண்ணீர் எப்படிச் சூடாக இருக்கும்? மஞ்சள் ஏது? மூட்டையில் இருந்த மஞ்சளைத்தான் மச்சான் ரேடியேட்டரில் கொட்டிவிட்டாரே.

அதற்குப் பிறகு நான் யாரையும் கேட்கவில்லை. மெத்தையை இழுத்து ரோட்டில் போட்டேன். வளையல் பெட்டிகளைத் தூக்கிப் போட்டேன். பெட்டிகளின் அடி அட்டை ஊறிக் கூழாகியிருந்தது. கோணிச் சாக்குகள் தண்ணீரைக் குடித்துக் கனத்தன. அதனால்தான் வெளியே ஒரு சொட்டும் விழவில்லை. எல்லாவற்றுக்கும் பின்னால், வண்டிச் சுவரோரம் ஒரு பலகை மறைப்பு. ஸ்குரு டிரைவரால் நெம்பினேன். உள்ளே ஓர் இரும்புப் பெட்டி. குட்டி ரேடியேட்டர் மாதிரி தகடு தகடாக இருந்தது, முன்னால் சின்ன விசிறி. தரைக்கு அடியிலிருந்து இரண்டு ரப்பர் குழாய்கள் வந்து அதில் சேர்ந்தன. தகட்டின் வெடிப்பிலிருந்து மஞ்சள் தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது.

மச்சான் எட்டிப் பார்த்தார். "என்னாடா இது, ஏர்கோனா? ஏர்கோனை வச்சிக்கிட்டா இத்தன நாளு வெந்து செத்தோம்?"

"ஏர்கோன் இல்ல மச்சான், ஹீட்டர். என்ஜின் சூட்டுத் தண்ணிய இங்க கொண்டாந்து சூடு காயிற பெட்டி."

"சூடா? எவனுக்குடா இந்த ஊருல சூடு வேணும்?"

காலையிலிருந்து உள்ளே கிடந்ததெல்லாம் அந்தக் கேள்வியில் வெடித்துவிட்டது.

"வெள்ளக்காரனுக்கு! அவன் ஊருல குளுரு! ரேடியேட்டருல ஓட்டையே இல்ல, தண்ணி பூராவும் இங்கதான் வந்துருக்கு! உள்ள உக்காந்து தண்ணி தண்ணின்னீங்களே, எந்தத் தண்ணின்னு சொன்னீங்களா? ஊத்துனது வண்டிக்குன்னு சொன்னீங்களா? நான் கள்ளையே கையால தொட்டதில்ல! கள்ளுக்கடைக்குப் போனதே இந்தச் சனியனுக்குத் தண்ணி பிடிக்கத்தான்!"

என் குரல் அவ்வளவு பெரிதாக வரும் என்று எனக்கே தெரியாது. எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா சன்னலைத் திறந்து பார்த்தார். திரும்பினால் வாசலில் பெண்ணின் அப்பா, அம்மா, தாய்மாமன் எல்லோரும் நின்றிருந்தார்கள். தாய்மாமன் கிட்டே வந்து, ஊறிய பெட்டிகளைப் பார்த்து, இரும்புப் பெட்டியைப் பார்த்து, மஞ்சள் சொட்டும் சேலையைப் பார்த்து, இடுப்பில் கை வைத்துச் சிரிக்கத் தொடங்கினார். மச்சானுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. "ஐயையோ, நீங்க அந்தத் தண்ணின்னா நெனச்சீங்க?" என்று தலையில் கை வைத்துக்கொண்டார்.

என்னால் யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. முன்னால் போய், இருக்கைகளுக்கு நடுவே இருந்த என்ஜின் மூடியைத் தூக்கித் தலையை உள்ளே விட்டுக்கொண்டேன். அங்கிருந்து தரைக்கு அடியில் போன இரண்டு குழாய்களும் இப்போது தேடாமலே தெரிந்தன. இத்தனை நாளும் என் கண் முன்னால்தான் இருந்திருக்கின்றன. என்ஜின் ஆறும்வரை காத்திருந்து இரண்டையும் உருவினேன். நல்ல குழாய் ஒன்றில் முழ நீளம் வெட்டி, தண்ணீர் வெளியே போகும் வாயையும் திரும்பி வரும் வாயையும் நேராக இணைத்தேன். ஒரு பக்கம் தவுக்கே கொடுத்த கிளிப்பு, மறுபக்கம் பழைய கிளிப்பு. இனி தண்ணீர் பின்பக்கம் போகாது. அவ்வளவுதான் வேலை. ஈப்போவிலேயே செய்திருக்கலாம்.

தலையை வெளியே எடுத்தபோது வண்டிக்குப் பக்கத்தில் அந்தப் பெண் ஒரு வாளியோடு நின்றார்.

"இவ்வளவு தண்ணி போதுமா?"

"போதும்."

"எதுக்குன்னு நான் கேக்கல" என்றார். வாளியைக் கீழே வைத்தார். பிறகு, "இப்ப ரோட்டுல நின்னு கத்துனத உள்ளயே மெதுவாச் சொல்லியிருக்கலாம்ல?"

நான் வாளியைத் தூக்கி ரேடியேட்டரில் ஊற்றினேன். அது நிரம்புவதைப் பார்த்துவிட்டு அவர் உள்ளே போய்விட்டார்.

ராகு காலம் தொடங்கியிருந்தது. பூ வைக்கிற பேச்சுக்கே இடமில்லை. வைப்பதற்குச் சேலையும் இல்லை. பெண்ணின் அப்பா மறுபடியும், "சொல்லி அனுப்புறோம்" என்றார். அப்படிச் சொன்னாலே வேண்டாம் என்றுதான் அர்த்தம் என்றாள் அக்கா. இல்லை, இந்தத் தடவை குரல் வேற மாதிரி இருந்தது என்றார் மச்சான். திரும்பி வரும் வழியெல்லாம் அதையே பேசிச் சண்டை போட்டார்கள். முள் அசையவே இல்லை. பாடாங் ரெங்காஸ் மேட்டில்கூட நடுவிலேயே நின்றது. காலையிலேயே இப்படி ஓடியிருக்கக் கூடாதா என்று ஸ்டியரிங்கைக் குத்த வேண்டும் போலிருந்தது.

சில வாரம் கழித்துத் தாய்மாமன் ஈப்போவுக்கு வந்தார். அக்கா வீட்டில் உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டு விஷயத்தைச் சொன்னார்.

"பொண்ணு வேணாம்னு சொல்லல. ஆனா ரெண்டு வார்த்த சொல்லி அனுப்பியிருக்கு. அடுத்த தடவ மாப்பிள்ளையே பேசணுமாம், அவரு மச்சான் பேசக் கூடாதாம்."

மச்சான் கூரையைப் பார்த்தார்.

"ரெண்டாவது?" என்றாள் அக்கா.

"அந்த வண்டியில வரக் கூடாதாம். பஸ்ஸுல வரணுமாம்."

"வண்டி சரியாயிருச்சுங்க" என்றேன். அவரிடம் நானாகச் சொன்ன முதல் வார்த்தை அது. "ஹீட்டரக் கழட்டியாச்சு. சொட்டுத் தண்ணி இறங்குறதில்ல."

"அதையும் சொன்னேன் மாப்பிள்ள. பஸ்ஸுலயே வரட்டும்னுச்சு."

ஆக, ஒரு குறையும் இல்லாத வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, அக்கா மடியில் புதுச் சேலையோடும் மச்சான் வாயை மூடிக்கொண்டும், தைப்பிங்கில் பஸ் மாறி, பாதி வழி நின்றுகொண்டே போனோம். போய்ச் சேர்ந்ததும் பேச வேண்டுமே என்று, வழியெல்லாம் மனதுக்குள் வார்த்தை தேடினேன். வேலையைப் பற்றியா, ஊரைப் பற்றியா, தையலைப் பற்றிக் கேட்பதா? ஒன்றும் வாக்கியமாகச் சேரவில்லை. கடைசிவரை கோர்வையாக வந்தது அந்த இரும்புப் பெட்டியில் தண்ணீர் எப்படிச் சுற்றி வருகிறது என்பது மட்டும்தான். வேறு வழியில்லாமல், பெண் காப்பி கொண்டுவந்து வைத்ததும், அதிலிருந்தே ஆரம்பித்தேன்.